ஜகாலோவின் இடது ஓரம்: 4-3-3 என்றால் என்ன?

கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் டிவியில் ஒரு மைதானப் படம் காட்டுவார்கள். அதில் பதினோரு வட்டங்கள் இருக்கும். பக்கத்தில் 4-3-3 என்றோ 4-4-2 என்றோ சில எண்கள். புதிதாக ஆட்டம் பார்க்க உட்காருபவருக்கு அது என்னவென்று யாரும் சொல்வதில்லை. வர்ணனையாளர் அதை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

இந்த எண்களைப் புரிந்துகொள்ளப் பெரிய பாடம் எதுவும் வேண்டாம். மாரியோ ஜகாலோ என்ற பிரேசில்காரர் என்ன செய்தார் என்று பார்த்தாலே போதும். ஆட்டக்காரராக இரண்டு முறை உலகக் கோப்பை வென்றவர், பயிற்சியாளராக ஒரு முறை வென்றவர். இரண்டு வகையிலும் கோப்பையைத் தொட்ட முதல் மனிதர் அவர்தான். அவருக்குப் பிறகு ஜெர்மனியின் பெக்கன்பவரும் பிரான்சின் டெஷாம்ப்ஸும் மட்டுமே அதைச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு செய்தும், பெலே, கரிஞ்சா என்று அடுக்கும்போது ஜகாலோவின் பெயர் பலருக்கு நினைவுக்கு வராது. எனக்கு அது எப்போதும் வருத்தம்தான்.

முதலில் எண்கள். கோல்கீப்பரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதிப் பத்துப் பேரை நம் கோலிலிருந்து எதிரணியின் கோலை நோக்கி வரிசை வரிசையாக எண்ண வேண்டும். 4-3-3 என்றால் பின்களத்தில் நான்கு பேர், நடுக்களத்தில் மூன்று பேர், முன்களத்தில் மூன்று பேர். இதற்கு 'ஆட்ட அமைப்பு' என்று பெயர். நாம் பேசும்போது 'ஃபார்மேஷன்' என்றே சொல்லிவிடுகிறோம்.

சர்வதேச மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய இடத்தைப் பத்துப் பேர் காக்கவும் வேண்டும், அதே பத்துப் பேர் கோலும் போட வேண்டும். முன்னால் ஒருவரைக் கூட்டினால் பின்னாலோ நடுவிலோ ஒருவர் குறைவார். போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிகிற கதைதான். எந்தக் காலத்து ஆட்ட அமைப்பை எடுத்தாலும், போர்வை எந்தப் பக்கம் குறையலாம் என்று ஒரு பயிற்சியாளர் எடுத்த முடிவு அதற்குள் இருக்கும்.

பழைய காலத்தில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் என்று ஆடினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைப் பின்னால் இழுத்தார்கள். 1950-களின் பிரேசிலில் வேரூன்றிய அமைப்பு 4-2-4. பின்னால் நான்கு பேர் இருப்பதால் தடுப்பு பலம், முன்னால் நான்கு பேர் இருப்பதால் தாக்குதலும் பலம். ஆனால் நடுவில் இரண்டே பேர். எதிரணி அங்கே மூன்று பேரை நிறுத்திவிட்டால் அந்த இருவரும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டையை ஜகாலோ தன் கால்களால் அடைத்தார்.

ஜகாலோ பிறந்தது 1931-இல், பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அலகோவாஸ் மாநிலத்தில். வளர்ந்தது ரியோ டி ஜெனிரோவில். 1950 ஜூலை 16-ஆம் தேதி அங்கே மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை என்ற நிலை. பிரேசில் 2-1 என்று தோற்றது. அன்று பாதுகாப்புப் பணிக்கு நிறுத்தப்பட்ட சிப்பாய்களில் பதினெட்டு வயது ஜகாலோவும் ஒருவர். கட்டாய ராணுவச் சேவையில் இருந்த பையன், சீருடையோடு கூட்டத்துக்கு நடுவில் நின்று, மொத்த மைதானமும் வாயடைத்துப் போனதைப் பார்த்தார். எட்டு வருஷம் கழித்து பிரேசிலின் முதல் கோப்பையை வென்ற அணியில் அவரே இருந்தார்.

ஆரம்பத்தில் அவர் விங்கர் இல்லை. பத்தாம் எண் ஆட்டக்காரர், அதாவது முன்களத்துக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைக் கட்டுகிறவர். அந்த இடத்துக்கு பிரேசிலில் எப்போதும் போட்டி அதிகம், அங்கேயே நின்றால் தேசிய அணி கிடைக்காது என்று கணக்குப் போட்டு இடது ஓரத்துக்கு நகர்ந்தார். விங்கர் என்றால் ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, எதிரணிப் பின்கள வீரரை ஏமாற்றி, கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடுகிறவர். அந்தக் காலத்து விங்கருக்கு அது ஒன்றுதான் வேலை. பந்து போய்விட்டால் இடுப்பில் கை வைத்து நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜகாலோ அப்படி நிற்கவில்லை. பந்து எதிரணியிடம் போனதும் திரும்பி ஓடி வந்து நடுக்களத்தில் மூன்றாவது ஆளாக நின்றுகொள்வார். பந்து கிடைத்ததும் மறுபடி இடது ஓரத்துக்கு ஓடுவார். மறுபடி வருவார், மறுபடி போவார். பிரேசில் மக்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'ஃபொர்மிகினியா'. சின்ன எறும்பு என்று அர்த்தம். இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது.

இப்போது எண்களுக்கு வாருங்கள். பிரேசில் பந்தோடு இருக்கும்போது முன்னால் நான்கு பேர்: வலது ஓரம் கரிஞ்சா, நடுவில் வவாவும் பெலேவும், இடது ஓரம் ஜகாலோ. அது 4-2-4. பந்து போன நொடியில் ஜகாலோ பின்னால் வந்துவிடுகிறார். நடுவில் ஜிட்டோ, டிடி இருவரோடு இவரும் சேர்ந்தால் மூன்று. அது 4-3-3. டிவியில் காட்டும் எண்கள் ஆணியடித்து மாட்டிய படம் மாதிரி தோன்றும். உண்மையில் ஒரே அணிக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. பந்து நம்மிடம் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு யார் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

1958 உலகக் கோப்பை ஸ்வீடனில் நடந்தது. ஜகாலோ தேசிய அணிக்கு முதன்முதலில் ஆடியதே அந்த வருஷம் மே மாதம்தான். இடது ஓரத்துக்குப் பெரிய பெயர் சான்டோஸ் கிளப்பின் பெப்பே. இடது காலால் இடி மாதிரி அடிப்பவர். தொடர் தொடங்கும் முன் அவருக்குக் காயம் பட்டது, ஜகாலோ உள்ளே வந்தார். பயிற்சியாளர் ஃபியோலா அதன் பிறகு அவரை வெளியே எடுக்கவேயில்லை. பிரேசில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட வாங்கவில்லை. அந்த அணியைப் பற்றிப் பேசும்போது பதினேழு வயது பெலேயின் கோல்களைப் பற்றியே பேசுவார்கள். கோல் வாங்காத அந்த நான்கு ஆட்டங்களில் எறும்புக்கும் பங்கு உண்டு.

ஸ்வீடனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைப் பதிவைப் பார்க்கக் கிடைத்தால் ஒருமுறை பந்தை விட்டுவிடுங்கள். ஏழாம் எண் சட்டையை மட்டும் பின்தொடருங்கள். (இடது விங்கருக்கு ஏன் 7 என்று குழம்ப வேண்டாம். பிரேசிலுக்கு அந்தத் தொடரில் எண்கள் தாறுமாறாகக் கொடுக்கப்பட்டன. கோல்கீப்பர் கில்மாருக்கே 3.) நாலாவது நிமிஷத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டுவிடுகிறது. அதன் பிறகும் பிரேசில் பதறவில்லை. வவா இரண்டு, பெலே இரண்டு, 68-ஆவது நிமிஷத்தில் ஜகாலோ ஒன்று. கடைசியில் 5-2. அவ்வளவு ஓடிவிட்டு, கோல் போடும் இடத்திலும் சரியான நேரத்தில் இருந்திருக்கிறார்.

நான்கு வருஷம் கழித்து சிலியில் நடந்த உலகக் கோப்பையில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காயம், தொடர் முழுக்க வெளியே. அணியில் பலருக்கு வயதும் கூடியிருந்தது. ஜகாலோ ஏறக்குறைய முழுநேர நடுக்கள வீரராகவே ஆடினார். 4-3-3 என்ற பெயர் பிரேசில் அணியோடு ஒட்டிக்கொண்டது அப்போதுதான். முன்னால் கரிஞ்சாவின் மாயம், பின்னால் ஒழுங்கு. இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்றார்கள்.

1960-களின் நடுவில் ஆடுவதை நிறுத்தியதும் தான் கடைசியாக ஆடிய பொட்டாஃபோகோ கிளப்பிலேயே பயிற்சியாளர் ஆனார். 1967, 1968 இரண்டு வருஷமும் ரியோ மாநிலப் பட்டம். ஜெர்சன், ஜெய்ர்சினோ போன்றவர்கள் அங்கே அவரிடம் ஆடியவர்கள். இது பிறகு உதவியது.

1970 மார்ச். உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லை. தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் வென்று கொடுத்த பயிற்சியாளர் சல்டானாவை நீக்கிவிட்டார்கள். அவர் பத்திரிகையாளர், மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசுகிறவர். நாட்டை ராணுவம் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஜனாதிபதி மெடிசி தனக்குப் பிடித்த டாரியோ என்ற முன்கள வீரரை அணியில் பார்க்க விரும்பினார் என்பது ஊரறிந்த செய்தி. ஜகாலோவுக்கு அப்போது 38 வயது. பெலே அவருடைய பழைய சக ஆட்டக்காரர். நேற்று தோள் மேல் கை போட்டு நின்றவருக்கு இன்று உத்தரவு போட வேண்டிய நிலை.

அவரிடம் வந்து சேர்ந்த பிரச்சினை விசித்திரமானது. நல்ல ஆட்டக்காரர்கள் ஏராளம், ஆனால் எல்லோரும் ஒரே வகை. பெலே, டோஸ்டாவ், ரிவெலினோ, ஜெர்சன், ஜெய்ர்சினோ ஆகிய ஐவரையும் 'ஐந்து பத்தாம் எண்கள்' என்று இன்றும் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தன் கிளப்பில் ஆட்டத்தை நடத்துகிறவர். ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கினால் யார் ஓரத்தில் ஓடுவது, யார் தடுப்பது? பெலேவும் டோஸ்டாவும் சேர்ந்து ஆட முடியாது என்று எழுதியவர்களும் உண்டு.

ஜகாலோ என்ன செய்தார் என்று பாருங்கள். சல்டானாவின் அணியில் இடது ஓரத்தில் எடு என்ற அசல் விங்கர் ஆடினார். ஜகாலோவின் அணியில் அந்த இடம் கடைசியில் ரிவெலினோவுக்குப் போனது. கொரிந்தியன்ஸ் கிளப்பின் பத்தாம் எண், இடது கால்காரர். பேருக்கு இடது ஓரம், வேலை பெரும்பாலும் நடுக்களத்தில். பத்தாம் எண்ணாகத் தொடங்கி இடது ஓரத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து நடுவுக்கு ஓடி வந்த ஒருவரை நமக்கு ஏற்கெனவே தெரியும். 1958-இல் தான் ஆடிய இடத்தையே பயிற்சியாளர் ரிவெலினோவுக்குக் கொடுத்தார். ஜகாலோவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மற்ற மாற்றங்களும் இதே போக்குதான். நடுக்கள வீரர் பியாசா பின்களத்தின் மையத்துக்குப் போனார், அங்கிருந்தே பந்தைச் சுத்தமாக வெளியே எடுத்துக் கொடுக்க ஆள் கிடைத்தார். இடது பின்களத்தில் எவரால்டோ அதிகம் முன்னால் போகாதவர். அவர் பின்னால் நிற்பதால் வலது பின்களத்திலிருந்து கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ தைரியமாக முன்னால் ஓடலாம். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் அந்தப் போர்வைதான், இங்கே யோசித்து இழுக்கப்பட்டிருக்கிறது.

பந்து இல்லாதபோது என்ன ஏற்பாடு? இதுதான் பலர் கவனிக்காதது. 1970 பிரேசில் என்றாலே தாக்குதல், அழகு என்று நினைக்கிறோம். பந்து போனதும் அந்த அணி மொத்தமாகப் பின்வாங்கி நெருக்கமாக நின்றுகொள்ளும். ஜெய்ர்சினோ, ரிவெலினோ, பெலேகூட, நடுக்கள வீரர்கள் ஜெர்சனுக்கும் க்ளோடோவால்டோவுக்கும் பக்கத்தில் வந்துவிடுவார்கள். டோஸ்டாவ் மட்டும் முன்னால். எண்ணிப் பார்த்தால் 4-5-1. இன்றைய பயிற்சியாளர்கள் இதை 'பிளாக்' என்பார்கள். கட்டிடச் செங்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் நிற்பது. மெக்சிகோவில் இதற்குக் காரணமும் இருந்தது. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்றில் பிராணவாயு குறைவு. ஐரோப்பிய டிவிக்காகப் பல ஆட்டங்களை உச்சி வெயிலில் வைத்தார்கள். அந்த வெயிலில் மைதானம் முழுக்க பந்தைத் துரத்தினால் அரை மணி நேரத்தில் கால்கள் போய்விடும். துரத்தாமல் பின்னால் வந்து இடத்தை அடைத்துக்கொள்வதுதான் புத்தி.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆறு ஆட்டம், ஆறு வெற்றி, 19 கோல். ஜெய்ர்சினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் போட்டார். கால் இறுதியில் எதிரே வந்த பெரு அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? டிடி. 1958-இல் ஜகாலோ திரும்பி ஓடி வந்து பக்கத்தில் நின்றாரே, அதே டிடி. பிரேசில் 4-2 என்று வென்றது.

அதன் பிறகான வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் பெலே, டோஸ்டாவ், ஜெர்சன் யாரும் இல்லை. அணியும் தடுப்பாட்டத்துக்குள் சுருங்கியது. பின்வாங்கி நிற்கும் பிரேசிலை நெதர்லாந்து முன்னேறி வந்து நெருக்கி 2-0 என்று வென்றது, பிரேசிலுக்கு நான்காம் இடம். 1970-இல் சரியாக இருந்த விடை 1974-இன் கேள்விக்குப் பொருந்தவில்லை. பிறகு வளைகுடா நாடுகள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அணியை 1990 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தவர் அவர்தான், ஆனால் தொடர் தொடங்கும் முன் பதவி போய்விட்டது. 1994-இல் பிரேசில் நான்காவது முறை வென்றபோது பயிற்சியாளர் பரேராவுக்குத் துணையாக இருந்தார். அந்த பரேரா 1970 அணியில் உடற்பயிற்சிக் குழுவில் இருந்த இளைஞர்.

1998-இல் மறுபடி தலைமைப் பயிற்சியாளராக இறுதி ஆட்டம் வரை போனார். அன்று மதியம் பிரேசிலின் முன்கள வீரர் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. முதலில் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை, பிறகு சேர்த்தார்கள். பிரான்ஸ் 3-0. ஆட வைத்தது தவறு என்று இன்றுவரை பேசுகிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லி, உலகின் சிறந்த ஆட்டக்காரன் எதிரே நின்று ஆடுகிறேன் என்று கேட்கும்போது மறுப்பது எளிதல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜகாலோ 2024 ஜனவரியில், 92 வயதில், ரியோவில் காலமானார்.

சரி, இதுவரை படித்ததை ஒரே ஒரு கோலில் பார்த்துவிடலாம். 1970 இறுதி ஆட்டம், அஸ்டெகா மைதானம், பிரேசிலும் இத்தாலியும். 86-ஆவது நிமிஷம், பிரேசில் 3-1 என்று முன்னால் இருக்கிறது. கோப்பை ஏறக்குறைய கையில்.

பந்து பிரேசிலின் பாதியில், அவர்களுடைய இடது பக்கத்தில் இத்தாலியிடம் இருக்கிறது. அதைப் பறிப்பவர் யார் என்று நிறுத்திப் பாருங்கள். டோஸ்டாவ். முன்களத்தில் நிற்க வேண்டிய ஒரே ஆள், இரண்டு கோல் முன்னிலையில், இன்னும் நாலு நிமிஷமே இருக்கும்போது, பின்களம் வரை இறங்கி வந்திருக்கிறார். பந்து சில கால்கள் மாறி க்ளோடோவால்டோவிடம் வருகிறது. அவர் அங்கேயே நான்கு இத்தாலியர்களை வரிசையாகத் தாண்டி இடது பக்கம் ரிவெலினோவுக்குத் தட்டுகிறார். ரிவெலினோ ஓரக்கோட்டை ஒட்டி நீளமாக அனுப்ப, அங்கே ஜெய்ர்சினோ எடுக்கிறார். வலது விங்கர் இடது பக்கத்தில் என்ன செய்கிறார்? இத்தாலியர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டி நின்று தடுப்பவர்கள். ஜெய்ர்சினோவைக் காக்க வேண்டியவர் அவர்களின் இடது பின்கள வீரர் ஃபக்கெட்டி. ஜெய்ர்சினோ எங்கே போனாலும் அவர் பின்னாலேயே போக வேண்டும், போயிருக்கிறார். அதனால் மைதானத்தின் மறுபக்கம் ஒரு பெரிய நிலம் காலியாகக் கிடக்கிறது.

ஜெய்ர்சினோ உள்ளே வெட்டி பெலேயிடம் கொடுக்கிறார். பெலே கோல் முன்னால் உள்ள பெனால்டி பெட்டியின் விளிம்பில் அவசரப்படாமல் நிற்கிறார். வலது பக்கம் திரும்பிப் பார்க்காமலே, நடந்து போகிறவருக்கு வழி விடுகிற மாதிரி பந்தை மெதுவாக உருட்டுகிறார். ஃபக்கெட்டி விட்டுப்போன காலி இடத்துக்குள் வலது பின்கள வீரர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ முழு வேகத்தில் ஓடி வருகிறார். ஓட்டத்தைக் குறைக்காமலே அடித்த பந்து தரையோடு தரையாகப் போய் எதிர் மூலையில் வலையில் விழுகிறது.